பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்காதீங்க

மணலி பக்கம் ஒரு கிடங்கில் ஸ்டோர்ஸ் கணக்கும் டெஸ்பாட்ச் கணக்கும் பார்க்கிறேன். எஸ்ஏபியில் (கம்பெனியின் சரக்கு, பில், கணக்கு எல்லாம் ஓடுகிற சாஃப்ட்வேர்) ஏதாவது தகராறு என்றால் ஐடி ஆட்கள் கிண்டியில் இருக்கிறார்கள், அவர்கள் போனில் கிடைப்பதற்குள் வெளியே நிற்கிற டிரெய்லர்காரர் டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு ரவுண்டு சண்டை போட்டுவிடுவார். அதனால் முதல் கூப்பாடு என் மேஜைக்குத்தான் வரும். சரக்கு வரவு ஏறவில்லை, ஸ்டாக் இடிக்கிறது, இன்வாய்ஸ் மாட்டிக்கொண்டது என்று விதவிதமாக வரும் என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் "அண்ணே, உள்ளயே போக முடியல" என்பதுதான். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் செய்கிற காரியமும் ஒன்றே: அதே பாஸ்வேர்டை, இந்தத் தடவை கீபோர்டைக் கொஞ்சம் ஓங்கிக் குத்தி, இன்னொரு முறை அடிப்பது.

ஐயா, நிறுத்துங்கள். திரையில் ஒரு வரி வந்திருக்கும், அதைப் படியுங்கள். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று அது ஏறக்குறைய சொல்லிவிடுகிறது. பாஸ்வேர்டைச் சந்தேகப்படுவது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

முதலில், யூசர் ஐடி கேட்கிற திரையே வரவில்லை என்றால் பாஸ்வேர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டெஸ்க்டாப்பில் எஸ்ஏபி லாகான் ஐகானைத் திறந்தால் ஒரு பட்டியல் இருக்கும், டெவலப்மென்ட், குவாலிட்டி, புரொடக்‌ஷன் என்று. ஒன்றை டபுள் கிளிக் செய்ததும் நம் கம்ப்யூட்டர் அந்த சர்வரின் ஒரு குறிப்பிட்ட போர்ட்டை, அதாவது எண் போட்ட ஒரு வாசலைத் தேடிப் போகிறது. இன்ஸ்டன்ஸ் எண் (சர்வரில் ஓடுகிற எஸ்ஏபிக்குக் கொடுத்திருக்கிற வரிசை எண்) 00 என்றால் 3200, 01 என்றால் 3201, இப்படி. அங்கே யாரும் பதில் சொல்லவில்லை என்றால் 'பார்ட்னர் நாட் ரீச்ட்' என்று ஒரு பெட்டி வரும். பலரும் அதைப் பார்த்த மாத்திரத்தில் ஓகே அடித்து மூடிவிடுகிறார்கள். மூடாமல் விவரத்தைப் பாருங்கள், உள்ளே ஒரு எண் இருக்கும். 10060 என்றால் கேட்டோம், பதிலே வரவில்லை என்று அர்த்தம்: விபிஎன் (வெளியிலிருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள் போகிற பாதுகாப்பான வழி) போடவில்லை, அல்லது நடுவில் ஃபயர்வால் தடுக்கிறது, அல்லது கம்பெனி லைன் படுத்துவிட்டது. 10061 என்றால் அந்த மெஷின் இருக்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய புரோகிராம் ஓடவில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்துகொண்டிருக்கலாம். முதலாவது பெரும்பாலும் நம் பக்கத்துத் தலைவலி, இரண்டாவது பெரும்பாலும் அவர்கள் பக்கத்துத் தலைவலி. இந்த எண்ணைப் போனிலேயே சொன்னால் கிண்டி ஆட்களின் குரலே மாறிவிடுகிறது, "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா" என்கிற முதல் கேள்வி வருவதில்லை.

இதில் இன்னொரு வகை உண்டு. புது லேப்டாப் கொடுப்பார்கள், எல்லாம் போட்டிருக்கும், ஆனால் ஒரு சர்வர் மட்டும் திறக்காது, ஏதோ சர்வீஸ் தெரியவில்லை என்று சொல்லும். பெரிய கம்பெனிகளில் நேராக ஒரு சர்வருக்கு அனுப்பாமல், மெசேஜ் சர்வர் என்று ஒன்றைக் கேட்டு, அது கூட்டம் குறைவான சர்வரைக் கைகாட்டி, அங்கே போகிற மாதிரி லாகான் குரூப் வைத்திருப்பார்கள். அந்த மெசேஜ் சர்வரின் பெயருக்கு எந்த போர்ட் (வழக்கமாக 3600இல் தொடங்குகிற ஒன்று) என்பது விண்டோஸில் சர்வீசஸ் என்கிற ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் எழுதியிருக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் யாரோ எப்போதோ எழுதியிருப்பார்கள், புதியதில் விட்டுப்போயிருக்கும். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக ஒரு நாள் முழுக்க வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த ஆளை எனக்குத் தெரியும், அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்த மாதிரி தெரியவில்லை.

சரி, திரை வந்துவிட்டது. நாலு கட்டம்: கிளையன்ட், யூசர், பாஸ்வேர்டு, மொழி. மொழியை விடுங்கள், காலியாக விட்டால் போட்டுவைத்த மொழியில் வரும். எல்லோரையும் கவிழ்ப்பது முதல் கட்டம்தான். மூன்று இலக்க எண். ஏற்கெனவே ஏதோ ஒரு எண் நிரம்பியிருப்பதால் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கிளையன்ட் என்பது நம் ராயபுரத்து ஒண்டுக்குடித்தனம் மாதிரி: தெருக்கதவு ஒன்று, உள்ளே போனால் போர்ஷன் போர்ஷனாகத் தனிக் குடும்பம், தனிப் பூட்டு. 300இல் உங்களுக்கு ஐடி இருக்கிறது என்பதால் 310இல் இருக்கும் என்று கிடையாது. இருந்தாலும் பாஸ்வேர்டு வேறாக இருக்கும். தப்பான கிளையன்ட்டில் சரியான பாஸ்வேர்டை அடித்தால் "இங்கே அப்படி ஒரு யூசரே இல்லை" என்று அது சொல்லாது. பெயரோ பாஸ்வேர்டோ தவறு என்று பொதுவாகச் சொல்லும், அவ்வளவுதான். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், எந்தப் பெயர் உண்மையில் இருக்கிறது என்று வெளியாள் தோண்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. நியாயமான ஏற்பாடு. ஆனால் டிரெயினிங் கிளையன்ட்டில் பழகிவிட்டு முதல் நாள் வேலைக்கு வந்த பையனுக்கு அது நரகம்.

அவன் என்ன செய்வான்? மறுபடி அடிப்பான். வழக்கமான அமைப்பில் மூன்று தடவை தவறினால் அந்த விண்டோவே மூடிக்கொள்ளும். திரும்பத் திறந்து மீண்டும் முயன்று, மொத்தம் ஐந்து ஆனால் ஐடி லாக். சில கம்பெனிகளில் நள்ளிரவில் தானாகத் திறக்கிற மாதிரி வைத்திருப்பார்கள், பல இடங்களில் அட்மின் வந்து திறந்தால்தான் உண்டு. லாக் ஆன பிறகு சரியான பாஸ்வேர்டை அடித்தாலும் உள்ளே விடாது, ஆனால் அப்போது வருகிற வரி வேறு. அந்த வித்தியாசத்தைக் கவனித்தாலே மேற்கொண்டு அடிப்பதில் பிரயோஜனமில்லை என்று புரிந்துவிடும்.

பழைய ஆட்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. முன்பெல்லாம் எஸ்ஏபி பாஸ்வேர்டில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமே கிடையாது, எட்டு எழுத்துக்கு மேல் வைக்கவும் முடியாது. எஸ்ஏபியின் அடித்தளமான நெட்வீவரில் 7.0 பதிப்பு வந்த பிறகுதான் 40 எழுத்து வரை வைக்கலாம் என்றும், பெரிய எழுத்து வேறு சின்ன எழுத்து வேறு என்றும் ஆனது. அந்தக் காலத்தில் கேப்ஸ் லாக் எரிந்தால் என்ன எரியாவிட்டால் என்ன என்று வளர்ந்தவர்கள் இன்னும் அப்படியே அடிக்கிறார்கள். அப்புறம், முதல் தடவை நுழையும்போது புது பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும் இல்லையா, அதை அவசரத்தில் ஏதோ வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டார் என்று உடனே மாற்றப் போனால் பெரும்பாலும் விடாது. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் நாமாக மாற்ற முடியும் என்பதுதான் வழக்கமான விதி. கடைசியாக வைத்த ஐந்தையும் திரும்ப ஏற்காது.

இனி நான் உண்மையாகவே கொதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பொது ஐடி.

எஸ்ஏபி உரிமம் பழைய முறையில் ஆளுக்கு ஒன்று என்றுதான் கணக்கு. ஆளுக்கு ஒன்று வாங்கினால் காசு. அதனால் நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் டெஸ்பாட்ச்சுக்கு மொத்தமாக ஒரே ஐடி, பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கும். பகல் ஷிஃப்ட் முன் கேட்டில், அதே நேரத்தில் இன்னொருவர் பின்னால் லோடிங் பேயில். இரண்டாவது ஆள் நுழையும்போது ஒரு பெட்டி வரும், இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருக்கிறார், என்ன செய்யலாம் என்று. மூன்று வழி கொடுக்கும்: அவரை வெளியேற்றிவிட்டு நுழைவது, அவரும் இருக்கட்டும் நானும் வருகிறேன் என்பது, இல்லை நான் திரும்பிப் போகிறேன் என்பது. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இருப்பவர் சேமிக்காத வேலை போய்விடும் என்று அங்கேயே எழுதியிருக்கும். யார் படிக்கிறார்கள்? கண்ணை மூடிக்கொண்டு முதலாவது, எண்டர்.

முன் கேட்டில் ஒருவர் டெலிவரியில் வரிவரியாக பேட்ச் எண் ஏற்றிக்கொண்டிருப்பார், பாதியில் திரை காணாமல் போகும். "டேய், எவன்டா என்னைத் தூக்கினது?" என்று அங்கிருந்து ஒரு சத்தம். பின்னாலிருந்து, "அண்ணே நான்தாண்ணே, ரெண்டே நிமிஷம்." அவர் திரும்ப நுழைவார், முதலாவது வழியிலேயே. இப்போது பின்னால் இருக்கிறவர் போய்விடுவார். எண்ணூர் விரைவுச் சாலையில் ஹார்பர் நோக்கி நிற்கிற வரிசையில் நம் வண்டியும் போய்ச் சேர வேண்டும், உள்ளே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றி வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது வழியை எடுத்தால் சண்டை இல்லை, ஆனால் அது உரிம ஒப்பந்தத்தில் சேராது என்று அதே பெட்டி சொல்கிறது, அப்படி நுழைந்தது சர்வரில் பதிவும் ஆகிறது. உரிமக் கணக்கெடுப்பின்போது அது வெளியே வரும். ஆனால் காசு பற்றி நான் அழவில்லை. ஒரு மாதம் கழித்து ஸ்டாக்கில் நாற்பது டிரம் குறைகிறது, யார் இஷ்யூ போட்டது என்று டாக்குமெண்ட்டைத் திறந்தால் டெஸ்பாட்ச் என்று ஒரு பெயர் நிற்கும். அந்தப் பெயரில் மனிதர் யாரும் இல்லை. அப்போது மேனேஜர் யாரைப் பிடிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை, சம்பளம் குறைவான ஆளைத்தான். தனி ஐடி என்பது கம்பெனி நம்மைக் கண்காணிக்க வைத்தது என்று பையன்கள் நினைக்கிறார்கள். உண்மையில் நாம் செய்யாததை நம் தலையில் கட்ட முடியாமல் காப்பதும் அதுதான், கேட்டு வாங்குங்கள்.

உள்ளே நுழைந்தும் ஒன்றும் இல்லாத நிலை ஒன்று உண்டு, அதையும் லாகின் பிரச்னை என்றே சொல்லிக்கொண்டு வருகிறார்கள். பிரவுசரில் ஃபியோரி (எஸ்ஏபியின் புதிய வெப் முகப்பு) திறந்து, பெயர் பாஸ்வேர்டு எல்லாம் ஏற்று, வெற்றுப் பக்கம். ஒரு டைல்கூட (வேலையைத் திறக்கிற சதுரக் கட்டம்) இருக்காது. லாகின் நன்றாகவே ஆகியிருக்கிறது, உங்கள் பெயருக்கு ரோல், அதாவது என்னென்ன செய்யலாம் என்கிற அனுமதி, எதுவும் மாட்டவில்லை, அவ்வளவுதான். டெஸ்க்டாப்பில் திறக்கிற பழைய விண்டோவில் (எஸ்ஏபி குய்) என்றால் மெனு இருக்கும், மிகோவை (சரக்கு வரவு ஏற்றுகிற திரை) திறந்தால் அனுமதி இல்லை என்று சொல்லும். உடனே கட்டளைக் கட்டத்தில் எஸ்யு53 என்று அடித்து, வருவதை அப்படியே படம் பிடித்து அனுப்புங்கள். கடைசியாக எந்த அனுமதிச் சோதனையில் தோற்றோம் என்று அதில் இருக்கும். "சார் எனக்கு வரல" என்கிற மெயிலுக்கு மூன்று நாள் ஆகிற வேலை இந்தப் படத்தோடு போனால் மதியத்துக்குள் முடிகிறது.

ஃபியோரியா, பழைய எஸ்ஏபி குய்யா என்று ஆபீசில் இப்போது இரண்டு கட்சி. ஃபியோரி 2013இல் வந்தது. அந்தச் சாம்பல் விண்டோவின் வம்சம் 1992இல் வந்த ஆர்/3 என்கிற எஸ்ஏபி பதிப்பின் காலத்தது. அதற்குப் பின் வந்த பழைய ஈசிசி பதிப்புக்கு வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது என்பதால் எல்லா இடத்திலும் புதிய பதிப்பான எஸ்/4க்கு நகர்கிறார்கள், நகர்கிறவர்களிடம் பிரவுசர்தான் எதிர்காலம் என்று சொல்லப்படுகிறது. இருக்கட்டும். வாரத்துக்கு இரண்டு தடவை அப்ரூவல் கொடுக்கிற மேனேஜருக்கு ஃபியோரி அருமை, விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வருகிற வழியிலேயே போனில் தட்டிவிடலாம். நாள் முழுக்க ஏற்றிக்கொண்டே இருக்கிறவனுக்கு அந்தப் பழைய விண்டோவுக்கு ஈடு இல்லை. கட்டளைக் கட்டத்தில் ஸ்லாஷ் என் போட்டு வேண்டிய திரையின் கோட் அடித்தால் இருக்கிற திரை போய் அது வரும், ஸ்லாஷ் ஓ போட்டால் புது விண்டோவில் வரும், எஃப்4 தட்டினால் தேடல், எஃப்8 ஓட்டம், எஃப்3 பின்னால். எங்கள் சீனியர் ஒருவர் திரையைப் பார்க்காமல் ஆளிடம் பேசிக்கொண்டே ஒரு சரக்கு வரவை முடிப்பார், மவுஸைத் தொடவே மாட்டார்.

நெட் மோசமான இடத்தில் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மணலியில் தண்ணீர் நின்று, எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்ததே, அப்போது கிடங்குக்குப் போக வழியில்லை, ஆனால் ஸ்டாக் நிலவரத்தை மட்டும் மேலிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. தண்டையார்பேட்டை வீட்டில் போன் ஹாட்ஸ்பாட், அதுவும் ஒரு கோடு இரண்டு கோடு. பிரவுசரில் ஃபியோரி சுற்றிக்கொண்டே நின்றது. லாகான் பட்டியலில் அந்த சர்வரின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய், நெட்வொர்க் பகுதியில் லோ ஸ்பீடு கனெக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது, அதை மாற்றிவிட்டு விபிஎன் வழியாக நுழைந்தால் மெதுவாக என்றாலும் எம்பி52 (ஸ்டாக் பட்டியல் காட்டுகிற திரை) ஓடியது. விபிஎன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த விண்டோவுக்கும் சர்வருக்கும் நடுவில் போகிற தகவல் சாதாரணமாகச் சுருக்கப்பட்டுத்தான் போகிறது, மறையாக்கம் தனியாகப் போட்டால்தான் உண்டு. டீக்கடை வைஃபையில் நேரடியாக நுழைய ஏற்பாடு செய்துதருகிறேன் என்று எவராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஓடிபி பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பிரவுசர் வழியாக நுழைந்தால் கம்பெனியின் பொது லாகின் பக்கத்துக்குப் போய், பாஸ்வேர்டுக்குப் பிறகு எஸ்எம்எஸ்ஸில் எண் வர வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். கிடங்குக்கு மேலே முழுக்கத் தகரக் கூரை, சுற்றி கன்டெய்னர் அடுக்கு, உள்ளே சிக்னல் என்பது இல்லவே இல்லை. பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடி, எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு திரும்ப ஓடி வருவார்கள், வந்து உட்காரும்போது காலாவதி ஆகியிருக்கும். இதற்கு ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாறச் சொல்லிக் கேளுங்கள். அதில் காட்டுகிற ஆறு இலக்க எண் எங்கிருந்தும் வருவதில்லை. ஆரம்பத்தில் க்யூஆர் ஸ்கேன் செய்தபோது வாங்கிய ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் வைத்து போனே கணக்குப் போட்டுக்கொள்கிறது, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒரு முறை மாறும். சிக்னல் தேவையில்லை, ஃப்ளைட் மோடிலும் வரும். போனின் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்குப் பேச்சுத்துணை குறைந்ததுதான் எங்களிடம் ஏற்பட்ட ஒரே நஷ்டம்.

கடைசியாக வெளியே வருவது. நுழைவதற்குப் படுகிற பாட்டில் பாதியாவது முந்தின நாள் ஒழுங்காக வெளியே வராததால் வருகிறது. பிரவுசர் டேபை மூடுவதும், கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைவதும் லாக் ஆஃப் ஆகாது. சர்வருக்கு நீங்கள் போனது தெரிய நேரமாகும், அதுவரை நீங்கள் திறந்து வைத்திருந்த மெட்டீரியலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். திரும்ப வந்து அதைத் திறந்தால் இந்தப் பொருளை இன்னார் பூட்டி வைத்திருக்கிறார் என்று வரும், யாரென்று பார்த்தால் நம் பெயரே இருக்கும். முதலில் டாஸ்க்பாரில் வேறு விண்டோவில் அதே பொருள் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், ஒரே லாகினில் சாதாரணமாக ஆறு விண்டோ வரை திறக்கலாம் என்பதால் ஒன்று மறைந்து கிடக்கும். இல்லையென்றால் அட்மினிடம் எஸ்எம்04இல் (உள்ளே இருப்பவர்களைக் காட்டுகிற திரை) நம் பழைய செஷனை முடிக்கச் சொல்லுங்கள். நேராக எஸ்எம்12இல் (பூட்டுகளைக் காட்டுகிற திரை) பூட்டை மட்டும் உடைக்கச் சொல்லாதீர்கள், பின்னால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற வேலை ஏதாவது இருந்தால் கணக்கு குழம்பும். ஃபியோரியில் மூலையில் இருக்கிற ஆள் படத்தைத் தட்டி சைன் அவுட் கொடுங்கள். பழைய விண்டோவில் ஸ்லாஷ் என்இஎக்ஸ் என்று அடித்தால் எல்லா விண்டோவும் ஒரேயடியாக மூடும், ஆனால் சேமிக்கவா என்று ஒரு வார்த்தை கேட்காது, மிகோவில் பாதி ஏற்றி வைத்துக்கொண்டு அதை அடித்துவிடாதீர்கள்.